உடைந்த பாட்டில் போவது உலைக்கா, குப்பை மேட்டுக்கா?

ஊறுகாய் தீர்ந்து விட்டது. பாட்டில் காலி. அதை என்ன செய்கிறீர்கள்? காய்கறித் தோலோடு சேர்த்துக் குப்பைக் கூடையில் போடுகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்!

காலையில் வண்டி தள்ளி வரும் தூய்மைப் பணியாளர் அந்தக் கூடையில் கை வைக்கப் போகிறார். உள்ளே பாட்டில் உடைந்து கிடப்பது அவருக்குத் தெரியாது. விரல் கிழிந்த பிறகுதான் தெரியும். மறுநாள் அந்தக் கையோடு எப்படி வேலைக்கு வருவார்?

2016-ல் வந்த திடக்கழிவு விதிகளே மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் பிரித்துத் தரச் சொல்லின. பிரிக்காமல் போட்ட பாட்டில் கடைசியில் குப்பை மேட்டில்தான் புதையும். கண்ணாடி மக்கவே மக்காது.

காயலான் கடை கணக்கு

பாட்டில் முழுசாக இருந்தால் பழைய பேப்பர்காரரோ, காயலான் கடைக்காரரோ எடுத்துக் கொள்வார். சில ரகங்களைக் கழுவி மறுபடியும் நிரப்புவார்கள். மற்றதெல்லாம் எடைக்குத்தான் போகும். கண்ணாடிச் சில்லு கனம் அதிகம், காசு குறைவு. வண்டி வாடகை கட்டுபடி ஆகணுமே! அதனால்தான் பல கடைகளில், "உடைஞ்சதா? வேணாம் சார்" என்று கையை விரிக்கிறார்கள்.

மூன்று நிறம்

சேர்ந்த சில்லுகளை வெள்ளை, பழுப்பு, பச்சை என்று பிரிக்கிறார்கள். வெள்ளையில் பச்சை கலந்தால் புது பாட்டிலின் நிறமே மாறி விடும். இரும்பு மூடிகளைக் காந்தம் இழுத்துக் கொள்ளும். பிறகு மணல், சோடா சாம்பல், சுண்ணாம்புக்கல் இவற்றோடு சில்லையும் சேர்த்து, சுமார் 1,500 டிகிரி சூட்டில் உருக்குகிறார்கள். அச்சில் விட்டுக் காற்றை ஊதினால் புது பாட்டில் ரெடி!

எத்தனை தடவை உருக்கினாலும் கண்ணாடியின் தரம் குறையாது. ஆலைக்கும் லாபம்தான். உலையில் 10 சதவீதம் சில்லு சேர்த்தால் எரிபொருளில் 2.5 முதல் 3 சதவீதம் வரை மிச்சம்.

சேரக் கூடாதவை

பீங்கான் கோப்பை, முகம் பார்க்கும் கண்ணாடி, அடுப்புச் சூடு தாங்கும் கண்ணாடிப் பாத்திரம் — இவை பாட்டிலோடு சேரக் கூடாது. பீங்கான் துண்டு சரியாக உருகாமல் கல் மாதிரி நின்று விடும். புது பாட்டில் அந்த இடத்தில் விரிசல் விடும். டியூப் லைட்டில் பாதரசம் இருக்கிறது. அதைத் தனியாகத்தான் கொடுக்கணும்.

10 ரூபாய் வைத்தியம்

நீலகிரியில் குடிமகன்கள் காட்டுக்குள் வீசிய பாட்டில்கள் யானைகளின் காலைக் கிழித்தன. விவகாரம் சென்னை ஐகோர்ட்டு வரை போனது. 2022-ல் அங்குள்ள டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் அதைத் திருப்பித் தரும் திட்டம் வந்தது. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது. ஊறுகாய் பாட்டிலுக்கும், ஜாம் பாட்டிலுக்கும் அந்த 10 ரூபாய் கிடையாது. அங்கே நம் பொறுப்புதான்.

செய்ய வேண்டியது இவ்வளவே: பாட்டிலைக் கழுவுங்கள். மூடியைக் கழற்றுங்கள். தனிப் பையில் சேர்த்து வையுங்கள். உடைந்து போனால் கெட்டியான பேப்பரில் சுற்றி, அட்டைப் பெட்டியில் போட்டு, மேலே "கண்ணாடி" என்று எழுதுங்கள். வண்டி வந்ததும் கையில் கொடுத்து, "உள்ளே கண்ணாடி இருக்குண்ணே, பார்த்து" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.