நாய் கடிச்சா வீட்டு இன்ஷூரன்ஸ் பணம் தருமா?

அமெரிக்காவுல வேலை, லோன்ல வாங்கின வீடு, கூடவே ஒரு ஜெர்மன் ஷெப்பர்ட். டெலிவரிக்கு வந்தவரை அது கடிச்சிடுச்சுன்னு வைங்க. கலிஃபோர்னியா மாதிரி மாநிலங்கள்ல, "இதுவரைக்கும் யாரையும் கடிச்சதே இல்லைங்க"ன்னு சொன்னாலும் நஷ்டஈடு நீங்கதான் தரணும்.

இங்கதான் ஹோம் இன்ஷூரன்ஸ் கைகொடுக்கும். பாலிசியில 'லயபிலிட்டி'ன்னு ஒரு பகுதி இருக்கும். பொதுவா 1 லட்சம் முதல் 3 லட்சம் டாலர் வரை. கேஸ் போட்டா வக்கீல் செலவையும் கம்பெனி பார்த்துக்கும். 2023-ல அங்க நாய் சம்பந்தப்பட்ட ஒரு க்ளெய்முக்குச் சராசரியா 58,000 டாலருக்கு மேல ஆகியிருக்கு. அது சராசரிதான். குழந்தைக்கு முகத்துல கடி, அடுத்தடுத்து சர்ஜரின்னு போனா 1 லட்சம் பத்தாது. மிச்சம் உங்க சேமிப்புலேர்ந்து போகும். லிமிட்டைக் கூட்டுங்க, இல்லைன்னா மேல ஒரு அம்ப்ரெல்லா பாலிசி எடுங்க.

ஆனா சில கம்பெனிகள் பிட்புல், ராட்வைலர் இருந்தா கவரேஜே தராது. (நியூயார்க்ல இனத்தை மட்டும் வச்சு மறுக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு.) அதுக்குப் பயந்து, விண்ணப்பத்துல நாயே இல்லைன்னு எழுதிடாதீங்க! க்ளெய்ம் பண்ணும்போது அதையே காட்டி மறுத்துடுவாங்க. உங்க வீட்டு ஆளையே கடிச்சா லயபிலிட்டி செல்லாது, ஹெல்த் இன்ஷூரன்ஸ்தான்.

ஒரு தடவை க்ளெய்ம் ஆச்சுன்னா பிரீமியம் ஏறலாம், அந்த நாயை மட்டும் கவரேஜ்லேர்ந்து நீக்கலாம், பாலிசியைப் புதுப்பிக்காமலும் விடலாம்.

வாடகை வீடா? ரென்டர்ஸ் இன்ஷூரன்ஸ்லயும் இதே லயபிலிட்டி பகுதி இருக்கும். நாய் வாங்குறதுக்கு முன்னாடியே ஏஜென்ட்கிட்ட இனத்தைச் சொல்லி, பதிலை மெயில்ல வாங்கி வச்சுக்கோங்க.