குருதிக் கனவளவும் கூழ்பிரிப்பும்

சிறுநீரகங்கள் செயலிழந்தவரின் உடலிலே நீரும் கழிவுப் பொருள்களும் தேங்குகின்றன. அவற்றை அகற்றுதற்கு மருத்துவர் கையாளும் முறை கூழ்பிரிப்பு எனப்படும். 1943ஆம் ஆண்டில் ஒல்லாந்து நாட்டுக் காம்பென் நகரிலே வில்லெம் கொல்ஃப் என்னும் மருத்துவர் அமைத்த சுழலும் உருளைப் பொறி இதற்கு வழிகாட்டிற்று.

இம்முறையில் நான்கு மணி நேரத்துள் இரண்டு அல்லது மூன்று இலீற்றர் நீர் அகற்றப்படுவதுண்டு. அந்நீரிற் பெரும்பகுதி இழையங்களில் இருப்பது. ஆயினும் பொறி அதனைக் குருதியிலிருந்தே எடுக்கின்றது. நம் ஊர்க் கிணற்றை இங்கு எண்ணிப் பார்க்கலாம். ஊற்றுச் சுரக்கும் வேகத்துக்கு ஏற்ப இறைத்தால் நீர்மட்டம் தாழாது. மிஞ்சி இறைத்தால் தாழும். அவ்வாறே இழையநீர் வந்து சேருமுன் விரைந்தெடுத்தால் குருதி குறையும், குருதியமுக்கம் வீழும், நோயாளர் மயக்கமுறுவர். அஞ்சிக் குறைத்தெடுத்தாலோ, எஞ்சிய நீர் இதயத்துக்குச் சுமையாகும், நுரையீரலிலும் தேங்கும். ஆதலின், நோயாளரிடத்து உள்ள குருதி எவ்வளவு என்னும் வினா அவர் உயிரோடு தொடர்புடையதாகும்.

உடலிலுள்ள குருதியை வெளியே எடுத்து அளத்தல் இயலாது. வளர்ந்தோருக்கு உடனிறையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் ஏறத்தாழ 70 மில்லிலீற்றர் என்பது பொதுக் கணக்கு. நீர் தேங்கிய உடலுக்கு இது பொருந்தாது. பழைய முறை ஐதாக்கல் முறையாகும். இவான்சு நீலம் என்னும் சாயத்தில் 15 மில்லிகிராமை நாளத்திற் செலுத்தி, அது நன்கு கலந்தபின் குருதித் திரவவிழையத்தைச் சோதிக்கின்றோம் எனக் கொள்வோம். இலீற்றருக்கு 5 மில்லிகிராம் காணப்படின், திரவவிழையம் 3 இலீற்றர். செங்குழியங்கள் குருதியின் மூன்றிலொரு பங்காயின், முழுக் குருதி 4.5 இலீற்றர். ஆனால் ஒவ்வொரு கூழ்பிரிப்பின்போதும் இவ்வாறு சாயமேற்றுதல் எளிதன்று.

இக்காலப் பொறிகள் சில, குழாயில் ஓடும் குருதியினூடே ஒளியைச் செலுத்திச் செங்குழிய விகிதத்தை இடைவிடாது அறிகின்றன. செங்குழியங்களின் மொத்தக் கனவளவு மாறாதிருக்க, விகிதம் நூற்றுக்கு 30இலிருந்து 33 ஆக உயர்ந்தால், குருதி 100இலிருந்து ஏறக்குறைய 91 ஆகக் குறைந்தது என்பது பெறப்படும். ஆயின் இது விகிதமேயன்றி அளவன்று. நூற்றுக்கு ஒன்பது என்பது 4 இலீற்றர் குருதியுடையவருக்கு 360 மில்லிலீற்றர். 6 இலீற்றர் உடையவருக்கு 540 மில்லிலீற்றர்.

இக்குறையை நீக்கும் வழி எளிது. நீரகற்றத் தொடங்குமுன், அளவறிந்த தூய திரவத்தைக் குருதியிற் செலுத்துவர். 240 மில்லிலீற்றர் செலுத்த, குருதி நூற்றுக்கு 5 பங்கு பெருகியதாகப் பொறி காட்டினால், முன்பிருந்த குருதி 4,800 மில்லிலீற்றர் ஆகும். செலுத்திய திரவத்தில் ஒரு பகுதி விரைவில் இழையங்களுட் புகுமாதலின், உடனே அளத்தல் வேண்டும். தாழ்த்தால் விடை உண்மையினும் மிகும்.

வகுப்பறையிற் கற்கும் விகிதசமக் கணக்கே இங்கு நோயாளரைக் காக்கும் துணையாகின்றது. எனினும் கிடைப்பது மதிப்பீடே. குருதியமுக்கத்தையும் நோயாளரின் நிலையையும் நோக்கியே மருத்துவர் முடிவு செய்தல் வேண்டும்.