பிள்ளை சொன்னால்தான் தெரியும்

பால்வெட்டுக்குப் போகிற அப்பா, விடியும் முன்பே தலையில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு ரப்பர் தோட்டத்துக்கு இறங்கிவிடுவார். சற்று நேரத்தில் அம்மாவும் அரசின் தொழிலுறுதித் திட்ட வேலைக்குக் கிளம்பிவிடுவாள். தென்கேரளத்தில் நெய்யாறு அணைக்குப் பக்கத்திலுள்ள கள்ளிக்காட்டிலிருந்து பாறசாலை வரை பல வீடுகளில் காலை இப்படித்தான் விடிகிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளை தானே எழுந்து, தானே சாப்பிட்டு, பஸ் பிடிக்கிறது. பள்ளிக்குப் போனதா, களியக்காவிளைப் பக்கம் சுற்றப் போனதா என்று வீட்டில் யாருக்குத் தெரியும்?

தமிழ் பேசும் வீடென்றால் இன்னொரு சிக்கலும் உண்டு. 1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லை பிரிந்தபோது, பக்கத்து விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றுவிட்டது. இந்தப் பக்கம் தங்கிப்போன குடும்பங்களில், பள்ளியிலிருந்து வரும் மலையாளக் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துச் சொல்வது பெரும்பாலும் பிள்ளைதான். தன்மேல் வந்த புகாரைத் தானே வாசிக்கிற பதினைந்து வயதுப் பையன் எதைச் சொல்வான், எதை விழுங்குவான்? எல்லையோரப் பள்ளிகள் இந்த அம்மாக்களிடம் தமிழில் பேச ஓர் ஆளையாவது வைத்திருக்க வேண்டும்.

நான் பிள்ளையாக இருந்தபோது எங்கள் வீட்டில் எல்லாத் தப்புக்கும் புளியங்கம்புதான் மருந்து. அடி விழ விழ அண்ணன் முரண்டு பிடிப்பான். இரண்டு நாள் வீட்டுக்கே வரமாட்டான். எனக்கு ஓரடி போதும். அதற்குப் பயந்தே நன்றாகப் பொய் சொல்லப் பழகிவிட்டேன். ஊர் அவனைப் போக்கிரி என்றது, என்னை நல்ல பிள்ளை என்றது. எங்கள் இரண்டு பேர் மனசிலும் என்ன ஓடுகிறது என்பது அப்பாவுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

நம் ஊர் எல்லை பிரிந்த அதே 1956-இல் மனநல மருத்துவர்களான அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் தம்பதியர் நியூயார்க்கில் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். 133 பிள்ளைகளைக் கைக்குழந்தைப் பருவத்திலிருந்து பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். பிள்ளையின் பிறவிச் சுபாவம் மட்டும் கோளாறுக்குக் காரணமாவதில்லை, வளர்க்கும் விதம் அந்தச் சுபாவத்தோடு பொருந்தாதபோதுதான் சிக்கல் முற்றுகிறது என்று கண்டார்கள். அதைப் படித்தபோது எனக்கு அண்ணன்தான் நினைவுக்கு வந்தான். துடிப்பான பிள்ளை முரண்டு பிடிக்க, அப்பா கையை ஓங்க, அவன் இன்னும் முறுக்கிக்கொள்ள, யார் தொடங்கினார்கள் என்றே தெரியாமல் போய்விடுகிறது.

அமெரிக்காவின் பெர்க்லியில் உளவியலாளர் டயானா பாம்ரிண்ட் 1960-களில் பெற்றோரை மூன்று வகையாகப் பிரித்தார்: அதட்டி அடக்குகிறவர்கள், கேட்டதெல்லாம் கொடுத்து விட்டுவிடுகிறவர்கள், கட்டுப்பாடும் வைத்துக் காரணமும் சொல்லிப் பிள்ளையின் பேச்சையும் காதில் வாங்குகிறவர்கள். அவர் பரிந்துரைத்தது மூன்றாம் வகையை. வளைகுடாவிலிருந்து போனை வாங்கி அனுப்பிவிட்டு, விடுமுறைக்கு வந்த ஒரு மாதம் மட்டும் அதட்டுகிற அப்பாவிடம் முதல் இரண்டும் இருக்கின்றன, மூன்றாவது இல்லை.

ஆனால் என்னை அதிகம் உலுக்கியது 2000-இல் சுவீடனிலிருந்து வெளிவந்த ஆய்வு. பதினான்கு வயதுப் பிள்ளைகளின் நடமாட்டம் பெற்றோருக்கு எப்படித் தெரிகிறது என்று ஹோகன் ஸ்டாட்டினும் மார்கரெட் கெரும் ஆராய்ந்தார்கள். வேவு பார்த்தும் கட்டுப்படுத்தியும் தெரிந்துகொண்டதைவிட, பிள்ளை தானாக வந்து சொன்னதுதான் அதிகம். தானாகச் சொல்கிற பிள்ளைகளிடம் கெட்ட நடத்தையும் குறைவு. போனைப் பிடுங்கிச் சோதிப்பவர்கள் இதை ஒரு தரம் யோசிக்க வேண்டும்.

அண்ணன் போன்றவர்களுக்கு இன்று வேறு வழிகளும் உண்டு. கேரளத்தில் 2010 ஆகஸ்ட் 2 அன்று 127 பள்ளிகளில் தொடங்கிய ஸ்டூடண்ட் போலீஸ் கேடட் படையில், துள்ளுகிற உடம்புக்கு அணிவகுப்பும் பொறுப்பும் கிடைக்கின்றன. மனம்விட்டுப் பேசப் பள்ளிகளில் கவுன்சலர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போனால் 'பைத்தியம்' என்று பேர் வருமோ என்று தாய்மார்கள் தயங்குவதுதான் எனக்கு வருத்தம்.

மழை பிடித்தால் பால்வெட்டு கிடையாது. அன்றைக்கு மட்டும் அப்பா வீட்டில் இருப்பார், மரச்சீனி வேகும். அப்படி ஒரு காலையில் பக்கத்து வீட்டுத் திண்ணையில் ஒருவர் மகனிடம் கடிதத்தை நீட்டியது என் காதில் விழுந்தது: "மக்களே, இதுல டீச்சர் என்ன எழுதியிருக்கு? உள்ளதச் சொல்லு, அடிக்கமாட்டேன்."

கொஞ்ச நேரம் மழைச் சத்தம்தான் கேட்டது. பிறகு பையன் வாசிக்கத் தொடங்கினான்.