பழைய ‘ஃபோர் வீல்’ வண்டியை உயர்த்தப் போகிறீர்களா?

பெக்கான் நானாஸ் என்ற பெயரிலேயே அன்னாசி இருக்கிறது. ஜொகூர் மாநிலத்தில் பொந்தியான் மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூரைச் சுற்றிலும் கரிய சதுப்பு மண். மலாய்க்காரர்கள் ‘தானா கம்புட்’ என்பார்கள். புளிப்பு மிகுந்த அந்த மண்ணில் அன்னாசி விளையும், செம்பனையும் வளரும். வண்டிச் சக்கரத்துக்கு மட்டும் அது ஆகாத மண். பாரிட் வெட்டித் தண்ணீரை வடித்தால் நிலம் வருடா வருடம் தாழ்ந்துகொண்டே போகும். மழை பெய்துவிட்டால் மண் சடக்கில் சக்கரத் தடம் பள்ளமாகி, நடுவில் மேடு நிற்கும். அந்த மேட்டில் வண்டி தட்டி உட்கார்ந்தால் சக்கரம் சும்மா சுற்றும். ஏற்றிய குலை அங்கேயே கிடக்கும்.

ஆகவேதான், பழைய வண்டி வைத்திருக்கும் வீடுகளில் “கொஞ்சம் தூக்கிவிட்டால் என்ன?” என்ற பேச்சு எழுகிறது. தாராளமாகத் தூக்கலாம். ஆனால், எதைச் செய்தால் எது உயரும் என்று தெரிந்துகொண்ட பிறகு பணத்தை எடுங்கள்.

இழந்த உயரம்

பழைய லேண்ட் ரோவருக்கும், 1990-களில் ஓடிய ஹைலக்ஸ் எல்.என்.106 வண்டிக்கும் முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங்தான். வருடக்கணக்கில் பாரம் சுமந்தால் பட்டை தட்டையாகிவிடும். சமதரையில் வண்டியை வெறுமையாக நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் மையத்திலிருந்தும் மட்கார்டு விளிம்புவரை அளந்து பாருங்கள். இடமும் வலமும் வேறுபட்டால், அல்லது பட்டை வளைவின்றிக் கிடந்தால், உங்கள் வண்டி தன் சொந்த உயரத்தையே இழந்திருக்கிறது என்று பொருள். ஒடிந்த பட்டை, தேய்ந்த புஷ் ஆகியவற்றை மாற்றி, ஸ்பிரிங் பட்டறையில் வளைவு ஏற்றிக்கொண்டால் அந்த உயரம் திரும்பிவரும். மலிவான முதல் வேலை இதுதான். பலருக்கு இதுவே போதுமானது.

ஒன்றிரண்டு அங்குலம் வேண்டுமானால்

பட்டைக் கட்டில் ஒரு பட்டை கூடுதலாகச் சேர்ப்பது ஒரு வழி. பாரம் தாங்கும், ஆனால் வெறும் வண்டி குலுங்கும். ஷேக்கிளை நீளமாக்குவது இன்னொரு வழி. ஷேக்கிள் 2 அங்குலம் நீண்டால் வண்டி ஏறக்குறைய 1 அங்குலமே உயரும். முன்பக்கம் இதைச் செய்தால் அச்சின் சாய்வு மாறி, வண்டி நேராக ஓடாமல் அலைபாயலாம்.

பின் அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையில் இரும்புக் கட்டை வைப்பதும் உண்டு. முன் அச்சில் மட்டும் கட்டை வைக்க ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். பிரேக் பிடிக்கும்போதும் ஸ்டியரிங் திருப்பும்போதும் விழும் விசையில் கட்டை நழுவினால், வண்டி உங்கள் கையில் இராது. எந்த வேலை செய்தாலும் யூ போல்ட்டைப் புதிதாகவே போடுங்கள். சில நாள் ஓட்டியபின் மறுபடி முறுக்கிப் பாருங்கள்.

முன்பக்கம் பட்டைக்குப் பதில் முறுக்குக் கம்பி உள்ள வண்டிகளும் உண்டு. அவற்றில் ஒரு போல்ட்டைத் திருகினாலே முன்பக்கம் எழும், காசு செலவில்லை. ஆனால் அளவு மீறித் திருகினால் அச்சுத் தண்டின் மூட்டுகள் கோணலாகி, ரப்பர் உறை கிழியும். கொஞ்சமாகத் திருகி, பின் சக்கர அலைன்மெண்ட் பார்த்துவிடுங்கள்.

மறக்கக்கூடாத கணக்கு

ஸ்பிரிங்கை உயர்த்தினால் சேஸி உயரும். அச்சின் நடுவில் தொங்கும் டிஃபரென்ஷியல் உருண்டை இருந்த இடத்திலேயே இருக்கும். சடக்கு மேட்டில் பெரும்பாலும் முதலில் தட்டுவது அந்த உருண்டைதான். அதை உயர்த்துவது டயர் ஒன்றே. 29 அங்குல டயருக்குப் பதில் 31 அங்குல டயர் போட்டால் உருண்டை 1 அங்குலம் எழும். சேஸிக்கும் பாடிக்கும் நடுவே கட்டை வைத்துப் பாடியை மட்டும் தூக்கினால் உருண்டையும் உயராது, சேஸியும் உயராது. பெரிய டயருக்கு இடம் கிடைக்கும், அவ்வளவே.

பெரிய டயருக்கும் ஒரு விலை உண்டு. அந்த 31 அங்குல டயரில் மீட்டர் 90 காட்டும்போது வண்டி 96 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். பிரேக்குக்கும் கிளச்சுக்கும் வேலை கூடும்.

சதுப்பு மண்ணில் உயரத்தைவிட மிதப்புதான் முக்கியம். டயர் காற்றை 20 பவுண்டு அளவுக்கு இறக்கினால் டயர் அகன்று மண்ணில் படியும். வண்டி அமிழ்வது குறையும். மெதுவாக ஓட்டுங்கள், தார்ச் சடக்கு ஏறுமுன் காற்றை நிரப்பிவிடுங்கள். பாரத்தையும் இரண்டு நடையாகப் பிரித்து ஏற்றினால் நல்லது. இந்த யோசனைகளுக்குச் செலவே இல்லை.

உயிர் பெரிது

வண்டி உயர உயர, வளைவில் கவிழும் அபாயமும் உயரும். பின் பெட்டியில் ஆட்களை ஏற்றாதீர்கள். வேலை முடிந்ததும் சேஸியை ஜாக்கியில் தூக்கி, சக்கரங்களைத் தொங்கவிட்டுப் பிரேக் குழாயைப் பாருங்கள். அது விறைப்பாக இழுபட்டிருந்தால் நீளமானதை மாற்றாமல் வண்டியை வெளியே எடுக்கக்கூடாது. அப்சோர்பர் நீளம் போதுமா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

நம் நாட்டில் வண்டியின் அமைப்பை மாற்ற ஜே.பி.ஜே.யின் அனுமதி வேண்டும். வேலைக்கு முன்பே விசாரியுங்கள். அனுமதியில்லாமல் மாற்றிய வண்டி விபத்தில் சிக்கினால் இன்சூரன்ஸ் பணத்துக்கும் தகராறு வரலாம்.

பக்கத்து வீட்டு வண்டி 4 அங்குலம் உயர்ந்து நிற்கிறதே என்று பார்க்காதீர்கள். முதலில் ஸ்பிரிங்கைச் சரிசெய்யுங்கள். பிறகு டயரைக் கவனியுங்கள். அதற்கும் மேல் தேவை இருந்தால் ஓர் அங்குலம், மிஞ்சினால் இரண்டு. வண்டி தோட்டத்திலிருந்து நல்லபடியாக வீடு திரும்ப வேண்டும். அதற்கு எவ்வளவு உயரம் தேவையோ அவ்வளவே போதும்.