சந்தா கட்டாதவருக்கும் சேர்த்துப் பேசும் சங்கம்

மார்க் ஜேனஸ், அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநில அரசு ஊழியர். பிரிந்து வாழும் பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கான ஜீவனாம்சம் வாங்கித் தரும் பிரிவில் வேலை. தொழிற்சங்கத்தில் சேராதவர். ஆனாலும் மாதாமாதம் அவர் சம்பளத்தில் 44 டாலர் 58 சென்ட் சங்கத்துக்குப் பிடித்தம் போனது. முழுச் சந்தாவில் இது சுமார் 78 சதவீதம். மிச்சம் சங்கத்தின் அரசியல் உள்ளிட்ட செலவு. அதை உறுப்பினர் அல்லாதவரிடம் வாங்கக்கூடாது. 1977-ல் அபூட் வழக்கில் உச்ச நீதிமன்றமே போட்டுக்கொடுத்த வரம்பு இது.

அரசிடம் சம்பளம் பேசுவதே அரசியல்தானே என்று கேட்டார் ஜேனஸ். கஜானா தள்ளாடும் மாநிலத்தில் ஊதிய உயர்வு கேட்பது வரிப்பணத்தைப் பற்றிய பேச்சு. எனக்கு உடன்பாடில்லாத பேச்சுக்கு என் காசு எதற்கு? நியாயமான கேள்வி. 2018 ஜூன் 27-ல், உச்ச நீதிமன்றத்தில் 5-க்கு 4 என்ற கணக்கில் அவர் ஜெயித்தார். நாடு முழுக்க அரசு ஊழியர்களிடம் கட்டாயப் பிடித்தம் நின்றது. அடுத்த மாதமே அரசு வேலையை விட்டுவிட்டு, தொழிற்சங்கங்களைக் கடுமையாக விமர்சிக்கும் இல்லினாய்ஸ் பாலிசி இன்ஸ்டிடியூட்டில் சேர்ந்துகொண்டார் என்பது தனிக்கதை.

தீர்ப்பு தொடாமல் விட்ட இடம்தான் உறுத்துகிறது. அங்கே ஒரு பணிப்பிரிவில் பெரும்பான்மை ஆதரவு பெற்ற சங்கமே அந்தப் பிரிவின் எல்லா ஊழியர்களுக்கும் ஏக பிரதிநிதி. தனிநபர் புகார்களுக்குத் தனிக் கட்டணம் கேட்கலாம் என்று நீதிபதிகள் ஒரு வழி காட்டினார்கள். ஊதிய ஒப்பந்தத்தை அப்படிக் கூறுபோட முடியாது. உயர்வு, விடுமுறை, மருத்துவக் காப்பீடு எல்லாம் சந்தா கட்டியவருக்கும் கட்டாதவருக்கும் ஒன்றே. கட்டாயச் சந்தா கூடாது என்பவர்கள் இந்தக் கட்டாயப் பிரதிநிதித்துவத்தையும் சேர்த்தே எதிர்த்திருக்க வேண்டும். ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை வைத்துக்கொள்வது ஓரவஞ்சனை. நம்மூரில் சங்கம் ஆள் பிடித்துத்தான் சந்தா வாங்க வேண்டும். ஒரே ஆலை வாசலில் பல கொடிகள் பறப்பது அதற்கு நாம் கொடுக்கும் விலை.

இதெல்லாம் அரசு ஊழியர்களின் கதை. தனியார் துறையின் கதை வேறு; அங்கே 1947 முக்கியமான ஆண்டு. ஜனாதிபதி ட்ரூமனின் வீட்டோவை மீறி அந்த ஆண்டு நிறைவேறிய டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம், கட்டாயக் கட்டணத்தை மாநிலங்கள் தடைசெய்யலாம் என்றது. இன்று 26 மாநிலங்களில் அந்தத் தடை இருக்கிறது. மிசௌரி சட்டசபை கொண்டுவந்த தடையை, 2018 ஆகஸ்டில் வாக்காளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் தூக்கி எறிந்தார்கள். கார் தொழிலாளர்களின் கோட்டையான மிச்சிகன் 2012-ல் போட்ட தடைச் சட்டத்தை 2023-ல் ரத்து செய்தது. 2024 பிப்ரவரியில் அந்த ரத்து அமலுக்கு வந்தது. ஆனால் அங்குள்ள அரசு ஊழியர் சங்கங்களால் இன்றும் கட்டாயக் கட்டணம் கேட்க முடியாது. ஜேனஸ் தீர்ப்பு குறுக்கே நிற்கிறது.