வீடு இடிபட்டாலும் பன்னீர் ரோஜா பிழைக்கும்!

'எங்கள் வீட்டை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டப் போகிறோம். முற்றத்தில் மாமியார் வைத்த பன்னீர் ரோஜா இருக்கிறது. அப்படியே பெயர்த்து மாடியில் வைத்தால் பிழைக்குமா? நர்சரியில் வாங்கிய ரோஜாக்கள் ஒரு வருடம்கூட நிற்கவில்லை' என்று சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். பழைய வீட்டை மாற்றிக் கட்டும் எல்லோருக்கும் உதவும் கேள்வி என்பதால் விரிவாகவே பார்ப்போம்.

சிந்தாதிரிப்பேட்டையே ஒரு தோட்டம் இருந்த இடம்தான். 1734-ல் சுங்குராம செட்டியின் தோட்ட நிலத்தில்தான் நெசவாளர்களுக்காக இந்தக் குடியிருப்பை ஆங்கிலேயர் உருவாக்கினார்கள். 'சின்னத் தறிப் பேட்டை' என்பதே இப்படி மாறியது என்பார்கள். இன்று அங்கே மண் தரை உள்ள முற்றம் அபூர்வம். அதில் நிற்கும் பழைய ரோஜாச் செடி இன்னும் அபூர்வம்.

சொந்த வேரில் நிற்கும் செடி

பல ஊர்களில் பன்னீர் ரோஜா என்று சொல்வது எட்வர்ட் ரோஜாவைத்தான். இந்தியப் பெருங்கடலில், அப்போது பூர்போன் எனப்பட்ட ரீயூனியன் தீவில், சீன ரோஜாவும் டமாஸ்க் ரோஜாவும் இயற்கையாகக் கலந்து 200 ஆண்டுகளுக்கு முன் உருவான ரகம் இது. மணம் டமாஸ்க்கிடமிருந்தும், திரும்பத் திரும்பப் பூக்கும் குணம் சீன ரோஜாவிடமிருந்தும் வந்தவை.

நர்சரியில் விற்கும் கலப்பின ரோஜாக்களில் பெரும்பாலானவை ஒட்டுச்செடிகள். ஒட்டுக்கு மேலே காய்ந்துவிட்டால் நாம் வாங்கிய ரகம் போய்விடும். கீழிருந்து துளிர்ப்பது வேர்ச்செடிதான். பன்னீர் ரோஜாவைக் குச்சி நட்டு வளர்த்தால் மேலும் கீழும் ஒரே செடி. கிளைகள் காய்ந்தாலும் வேர் உயிரோடு இருந்தால் அதே பூ மீண்டும் வரும்.

இடிக்கும் முன் செய்ய வேண்டியவை

தாய்ச்செடியை மட்டும் நம்ப வேண்டாம். குறைந்தது மூன்று மாதத்துக்கு முன்பே கன்றுகளை உருவாக்கத் தொடங்குங்கள்.

மண் பதியன்: வளையக்கூடிய கிளையின் அடிப்பட்டையைக் கணுவுக்குக் கீழே லேசாகச் சீவி, பக்கத்தில் வைத்த தொட்டி மண்ணில் புதைத்து, மேலே ஒரு செங்கல் வையுங்கள். நுனி வெளியே நிற்கட்டும். சுமார் இரண்டு மாதத்தில் வேர் பிடித்ததும் தாயிடமிருந்து வெட்டிவிடலாம். இதுதான் நம்பகமான முறை.

குச்சி நடவு: ஆடி முதல் கார்த்திகை வரை ஏற்ற காலம். பூத்து முடிந்த கிளையில் பென்சில் கனத்தில், 8 அங்குல நீளத்தில், நான்கு கணு உள்ள குச்சிகளை எடுங்கள். அடியைச் சாய்வாக வெட்டி, இரண்டு கணு மண்ணுக்குள் இருக்கும்படி நடுங்கள். நிழலில் ஈரம் காயாமல் வையுங்கள். துளிர்த்ததும் வேர் வந்துவிட்டது என்று நினைத்துப் பிடுங்கிப் பார்க்காதீர்கள். ஒன்றரை மாதமாவது பொறுங்கள். எல்லாம் பிழைக்காது, எனவே ஒரு டஜன் குச்சியாவது நடுங்கள்.

தாய்ச்செடி: கடைசியில் ஒன்றரை அடி உயரத்துக்குக் கவாத்து செய்து, மாலை நேரத்தில் வேரைச் சுற்றியுள்ள மண் உதிராமல் பெயர்த்து, பெரிய டிரம்மில் வையுங்கள். இரண்டு வாரம் நிழலில் இருக்கட்டும்.

மாடியில் பராமரிப்பு

செம்மண் இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு கலந்து, ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு சேருங்கள். தினமும் ஆறு மணி நேர வெயில் தேவை. ஆனால் தளத்தின் சூடு வேரைத் தாக்காமல் இருக்க, தொட்டியைச் செங்கல் மீது வைத்து மூடாக்குப் போடுங்கள்.

சென்னையில் கவனிக்க வேண்டியது போர் தண்ணீர். உப்பு அதிகமானால் இலை ஓரம் கருகும். அப்படித் தெரிந்தால் மழைநீரைத் தொட்டியின் அடித்துளை வழியே வடியும் வரை ஊற்றி, உப்பைக் கழுவி விடுங்கள்.

கவாத்துக்கு மழை ஓய்ந்த மார்கழி நல்லது. கொட்டும் மழையில் வெட்டினால் வெட்டுவாயிலிருந்து நுனிக்கருகல் இறங்கும். வெளிநோக்கிய மொட்டுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டி, போர்டோ பசையைத் தடவுங்கள். தண்டில் செதில் பூச்சி ஒட்டியிருந்தால் பழைய பல் துலக்கியால் தேய்த்து எடுத்துவிட்டு, ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலுடன் கலந்து தெளியுங்கள்.

பூவை என்ன செய்வது?

இந்தப் பூவின் இதழ் சீக்கிரம் உதிரும். அதனால்தான் விவசாயிகள் விடியலிலேயே பறித்துச் சந்தைக்கு அனுப்புகிறார்கள். வீட்டில் கூடுதலாகப் பூத்தால் குல்கந்து போடலாம். இதழும் கற்கண்டுத் தூளும் சம எடை எடுத்து, கண்ணாடி ஜாடியில் அடுக்கடுக்காகப் போட்டு மூடி, மூன்று வாரம் வெயிலில் வையுங்கள். தினமும் உலர்ந்த கரண்டியால் கிளறிவிடுங்கள். கடையில் வாங்கிய மாலைப் பூவில் செய்யாதீர்கள். அதில் பூச்சிமருந்து இருக்கலாம்.

வேர் பிடித்த கன்றுகளில் இரண்டை உறவினருக்கோ, பக்கத்து வீட்டுக்கோ கொடுத்து வையுங்கள். உங்கள் மாடியில் செடி பட்டுப்போனாலும், கேட்டு வாங்க ஒரு குச்சி எங்காவது இருக்கும்.