தாயின் பழந்துயரும் சேயின் நாளையும்

அடிபட்டு வளர்ந்தவள் அடித்தே வளர்ப்பாள் என்று பலரும் முடிவு கட்டிவிடுகின்றனர். அது முழு உண்மையன்று என்பதை ஆய்வுகள்வழி அறிகிறோம்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பணியாற்றிய உளப்பகுப்பாய்வாளர் செல்மா ஃப்ரைபெர்க், தம் குழுவினருடன் 1975ஆம் ஆண்டு ஒரு கட்டுரை வெளியிட்டார். அதில் வரும் இளந்தாய் ஒருத்தி, தன் ஐந்தரை மாதக் குழந்தை வீறிட்டு அழுதும் அசையாதிருந்தாள். சிறுவயதில் அவளும் கைவிடப்பட்டவளே. நடந்தவற்றை அவள் மறக்கவில்லை. ஆயின் அவற்றின் துயரை உள்ளத்தே பூட்டி வைத்திருந்தாள். பரிவோடு கேட்பார் வாய்த்தபின் வாய்விட்டு அழுதாள். தன் மகவை வாரி அணைத்தாள். நிகழ்ச்சியை நினைந்தும் அதன் வலியை உணராதவரே அதனைப் பிள்ளைக்குக் கைமாற்றுகின்றனர் என்பது அக்கட்டுரை தரும் தெளிவு.

சிறுவயதில் கொடுமைக்கு உள்ளானோரில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினரே தம் மக்களிடம் அதனைத் தொடர்கின்றனர் என்று, பல ஆய்வுகளை ஒப்புநோக்கிய காஃப்மன், சிக்லர் இருவரும் 1987இல் மதிப்பிட்டனர். எஞ்சியோர் மீண்டது எவ்வாறு? மின்னசோட்டாவில் தாய்மாரிடையே நடந்து 1988இல் வெளிவந்த ஆய்வு மூன்று துணைகளைச் சுட்டுகிறது: இளமையில் அன்பு காட்டிய பெரியவர் ஒருவர், உளமருத்துவம், ஆதரவான வாழ்க்கைத் துணைவர்.

ஆகவே, பிள்ளையை வதைக்கும் தாயைப் பழிப்பதோடு நம் கடமை முடிவதில்லை. பிள்ளையைக் காப்பதோடு தாயின் துயரையும் கேட்டல் வேண்டும். வகுப்பறை மூலையில் ஒடுங்கி அமரும் மாணவிக்கு இன்று செவிசாய்க்கும் ஆசிரியர், நாளை அவள் மடியில் தவழும் குழந்தைக்கும் காவலராகிறார்.